703 ரூபாய்க்குச் சில்லறை

விக்கிரமசிங்கபுரம் என்று முழுப்பெயர் சொல்லி டிக்கெட் கேட்டால், வெளியூர் ஆள் என்று கண்டக்டருக்குத் தெரிந்துவிடும். எங்களுக்கு அது வி.கே.புரம். பொதிகை மலையை விட்டுத் தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் பாபநாசத்தை ஒட்டிய ஊர். அந்த இறக்கத்தில் தண்ணீருக்கு இருக்கும் வேகத்தைப் பார்த்துத்தான் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் இங்கே பஞ்சாலை வைத்தார்கள். அதன்பின் ஊருக்கு மணி சொல்லும் வேலையை மில் சங்கு எடுத்துக்கொண்டது.

எங்கள் தெருவில் ஃபிட்டர் மாமா ஒருவர் இருந்தார். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் மற்றவர்கள் தூங்கப் போவார்கள். இவர் குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நீள நோட்டில் காம்பஸ் வைத்து வட்டம் போட்டுக்கொண்டிருப்பார். எந்தக் கோணத்தைக் கொடுத்தாலும், அளவு குறிக்காத அடிக்கோலும் காம்பஸும் மட்டும் கொண்டு அதை மூன்று சம பங்காகப் பிரிக்கும் வழியைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அவர் நம்பினார். பல வருட உழைப்பு. பள்ளிக்கூடப் பையன்களில் கணக்கு வரும் என்று பேர் வாங்கியிருந்தவன் நான் என்பதால் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். 60 டிகிரி கோணம் ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஏழெட்டு வில்கள் வரைந்து, இரண்டு கோடுகள் இழுத்தார். பாகைமானியை வைத்துப் பார்த்தேன். சரியாக 20, 20, 20.

அந்த நோட்டைப் பிரதி எடுத்துப் பல கல்வி நிறுவனங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார். பதில் எதுவும் வரவில்லை. திரும்பி வந்தவை ஒப்புகை அட்டைகள் மட்டும். ஒவ்வொன்றிலும் ஏதோ ஓர் அலுவலகத்தின் முத்திரையும் யாரோ ஒருவரின் கிறுக்கல் கையெழுத்தும். பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருந்தார்.

“எல்லாம் போய்ச் சேந்திருக்குலே. பதில்தான் வரல” என்றார்.

பிறகு கல்லூரியில் படிக்கும்போதுதான் பியர் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக்காரர் 1837-லேயே இந்தக் கதையை முடித்துவிட்டார் என்று தெரிந்தது. அடிக்கோலும் காம்பஸும் செய்யக்கூடியதெல்லாம் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம். 20 டிகிரியை வரைய வேண்டுமென்றால் ஒரு முப்படிச் சமன்பாட்டைத் தீர்த்தாக வேண்டும். வர்க்கமூலங்களை எத்தனை அடுக்கினாலும் அந்தச் சமன்பாட்டின் விடையைத் தொட முடியாது. ஆகவே 60 டிகிரியை இந்த இரண்டு கருவிகளால் மூன்றாகப் பிரிக்கவே முடியாது. இன்னும் ஆள் பிறக்கவில்லை என்ற அர்த்தத்தில் சொல்லவில்லை. எவர் பிறந்தாலும் முடியாது. மாமாவின் படம் உண்மைக்கு மிக நெருக்கமாகப் போயிருந்தது, அவ்வளவே.

விடுமுறைக்கு வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பீடியை அணைத்துவிட்டு, “எவ்வளவு வித்தியாசம்?” என்று கேட்டார்.

“பென்சில் கோட்டுத் தடிமன்கூட இல்ல மாமா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “சரி. அத ஒரு கார்டுல எழுதிப் போட்டிருக்கலாம்லா?” என்றார்.

அறிவியல் நூல்களில் இப்படியொரு அத்தியாயம் வந்தால் எந்தப் பாதையில் போகும் என்பது வாசகருக்குத் தெரியும். கை கழுவச் சொன்ன செம்மல்வைஸை மருத்துவர்கள் விரட்டினார்கள். கண்டங்கள் நகர்கின்றன என்ற வெகனரைப் பார்த்து நிலவியலாளர்கள் சிரித்தார்கள். ஆகவே ஒதுக்கப்பட்டவர்தான் மேதை. இந்தக் கணக்கு தப்பு. ஒதுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஃபிட்டர் மாமாவைப் போலத் தவறானவர்கள்தாம். தபால் பெட்டியில் விழும் உறைக்குள் எது மேதைமை, எது பென்சில் கோட்டுப் பிழை என்பது உறையின் மேல் எழுதியிருக்காது. பிரித்துப் படிக்க வேண்டும். படிப்பதற்கு நேரம் வேண்டும், அதைவிட மனம் வேண்டும். அது கிடைக்காத இடத்தில் சரியானவருக்கும் தவறானவருக்கும் போவது ஒரே பதில்தான்: மௌனம். அதற்குள்ளே நின்று வேலை செய்த ஒரு சரியானவரைப் பற்றித்தான் இந்த அத்தியாயம். அவர் எங்கள் பக்கத்துக்காரர்.

வி.கே.புரத்திலிருந்து கடையம் வழியாகத் தென்காசி, அங்கிருந்து செங்கோட்டைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் குற்றாலத்துக்குப் பக்கத்தில் வல்லம். அங்கே ஓடுவது சிற்றாறு. ஆனாலும் ஒரே தண்ணீர்தான். சிற்றாறு கிழக்கே போய்ச் சீவலப்பேரியில் தாமிரபரணியில் கலக்கிறது. அந்த வல்லத்தில் 1901 ஏப்ரல் 5-ஆம் தேதி பிறந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகத்தில் எஸ்.எஸ். பிள்ளை. ஒரு வயதிலேயே தாய் போய்விட்டார். பள்ளிப் படிப்பு செங்கோட்டையில். அது முடிவதற்குள் தகப்பனாரும் காலமானார். படிப்பு அங்கேயே நின்றிருக்க வேண்டும். பையனின் கணக்கைப் பார்த்திருந்த சாஸ்திரியார் என்ற ஆசிரியர் ஒருவர் தன் சம்பளத்திலிருந்து உதவி, நிற்காமல் பார்த்துக்கொண்டார். நாட்டின் கணித வரலாற்றில் அந்தச் சாஸ்திரியாருக்கு ஒரு வரியாவது உண்டு என்பதில் எனக்குச் சந்தோஷம்.

செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஆகவே மேற்படிப்பு நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரி என்று தெற்கே போனது. 1927-ல் ஆராய்ச்சிக்காகச் சென்னைப் பல்கலைக்கழகம். ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரின் கீழ். 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, அதே ஆண்டு விரிவுரையாளராகச் சேர்ந்தார். பன்னிரண்டு வருடம் அங்கேதான். அவருடைய பெரிய வேலைகள் நடந்ததும் அங்கேதான்.

அந்தப் பெரிய வேலை என்ன என்பதை வல்லம் போகும் பஸ்ஸிலேயே விளக்கிவிடலாம். கண்டக்டரிடம் சில்லறைத் தகராறு இல்லாத பஸ் எங்கள் மாவட்டத்தில் ஓடியதில்லை.

ஒரு நாட்டில் 1, 4, 9, 16, 25 என்று வர்க்க எண்களுக்கு மட்டுமே நோட்டு அச்சடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தொகையையும் கொடுக்க அதிகபட்சம் எத்தனை நோட்டு வேண்டும்? 7 ரூபாய் என்றால் ஒரு 4, மூன்று 1: நான்கு நோட்டு. நான்குக்கு மேல் எந்தத் தொகைக்கும் தேவையே இல்லை என்று 1770-ல் லாக்ராஞ்ச் நிறுவினார். அதே ஆண்டு இங்கிலாந்தில் எட்வர்டு வாரிங், கன எண்களுக்கு 9, நான்காம் படி எண்களுக்கு 19, “இப்படியே மேலும்” என்று நிரூபணம் எதுவும் இல்லாமல் எழுதிவைத்தார். அந்த “மேலும்” கணிதர்களை 200 வருடத்துக்கு மேல் வேலை வாங்கியது.

1, 8, 27, 64 என்ற கன நோட்டுகளில் 23 ரூபாய் கொடுத்துப் பாருங்கள். 27 பெரிது. இரண்டு 8, ஏழு 1. ஒன்பது நோட்டு. நான்காம் படியில் 1, 16, 81 நோட்டுகள். 79 ரூபாய்க்கு நான்கு 16, பதினைந்து 1, மொத்தம் 19. பார்த்தால் ஒரு தந்திரம் தெரிகிறது. மூன்றாவது நோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டாவது நோட்டின் மடங்குக்கு ஒரு ரூபாய் குறைவாக ஒரு தொகையைப் பிடித்தால், கண்டக்டர் பையில் சில்லறை கொட்டும். ஆறாம் படியில் நோட்டுகள் 1, 64, 729. அங்கே அந்தத் தொகை 703. 729-ஐப் பயன்படுத்த முடியாது. பத்து 64 போட்டால் 640. மீதி 63-க்கும் ஒற்றை ரூபாய்கள்தான். ஆக 73.

703-க்கு 73 வேண்டும் என்பதைப் பள்ளிப் பிள்ளை சொல்லிவிடும். இப்படி ஒவ்வொரு படிக்கும் குறைந்தபட்சத் தேவையைச் சொல்லும் சூத்திரத்தை ஆய்லரின் மகன் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்: 2-இன் படியோடு, ஒன்றரையின் அதே படியின் முழுஎண் பகுதியைக் கூட்டி, 2-ஐக் கழிக்க வேண்டும். ஆறுக்கு 64, 11, கழித்தல் 2. அதே 73. கஷ்டம் மறுபக்கத்தில் இருக்கிறது. எண்கள் முடிவில்லாமல் போகின்றனவே. எங்கோ தொலைவில் 74 நோட்டு கேட்கும் ஒரு தொகை ஒளிந்திருக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

எந்தப் படிக்கும் ஏதோ ஓர் உச்சவரம்பு உண்டு என்பதையே 1909-ல்தான் ஹில்பர்ட் நிறுவினார். அந்த வரம்பு எத்தனை என்று அந்த நிரூபணம் சொல்லாது. அதன்பின் வந்த கருவி நமக்குத் தெரிந்த கையிலிருந்து பிறந்தது. எண்களைப் பிரித்தெழுதும் வழிகளை எண்ணுவதற்காக 1918-ல் ராமானுஜனும் ஹார்டியும் கண்ட வட்ட முறை. அதை ஹார்டியும் லிட்டில்வுட்டும் வாரிங் கணக்குக்குத் திருப்பினார்கள். 1930-களில் ரஷ்யாவின் வினோகிராதோவ் அதைத் தீட்டிக் கூராக்கினார். இந்த முறையின் பலம் மிகப் பெரிய எண்களில்தான். “இந்த எல்லைக்கு அப்பால் உள்ள எல்லாத் தொகைக்கும் இத்தனை நோட்டு போதும்” என்று அது சொல்லும். ஆனால் அந்த எல்லை, எழுதி முடிக்கவே முடியாத நீளத்துக்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணாக இருக்கும். இந்தக் கரையில் கையால் போட்டுப் பார்க்கக்கூடிய சின்ன எண்கள். அந்தக் கரையில் வினோகிராதோவ் பொறுப்பேற்கும் ராட்சத எண்கள். நடுவில் எந்த இயந்திரமும் ஒவ்வொன்றாகச் சோதிக்க முடியாத பாலைவனம். சோதிக்க அன்று இயந்திரமும் இல்லை.

அந்தப் பாலைவனத்தைக் கடப்பதற்கு ஒரு வழி உண்டு. அடுத்தடுத்து வரும் எண்களின் நீண்ட வரிசை ஒன்று, குறிப்பிட்ட எண்ணிக்கை நோட்டுகளில் அடங்குகிறது என்று முதலில் காட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு தொகையோடும் ஒரே ஒரு பெரிய நோட்டைச் சேர்த்தால் அந்த வரிசை பல மடங்கு நீளும். இன்னொன்று சேர்த்தால் மேலும் நீளும். ஏணிப்படி மாதிரி. ஒவ்வொரு படிக்கும் ஒரு நோட்டு செலவாகிறது. மொத்தம் 73-ஐத் தாண்டக் கூடாது. தாண்டாமல் ஏறி, வினோகிராதோவின் கரையில் கை வைத்துவிட வேண்டும்.

1935-36-ல் பிள்ளை இதை முதலில் ஆறுக்கு மேற்பட்ட படிகளுக்குச் செய்தார். ஏழு, எட்டு, ஒன்பது என்று மேலே போகும் படிகளுக்கு, மூன்றின் படியை இரண்டின் படியால் வகுத்தால் வரும் மீதியைப் பற்றிய ஒரு சிறு நிபந்தனையோடு, பழைய சூத்திரமே சரியான விடை என்று நிறுவினார். ஏறத்தாழ அதே மாதங்களில், பிள்ளையைப் பற்றி அறியாமல், சிக்காகோவில் லியனார்டு யூஜின் டிக்சனும் அதையே செய்தார். டிக்சன் அப்போது அமெரிக்கக் கணிதத்தின் முதுபெரும் ஆள். எண் கோட்பாட்டின் வரலாற்றையே மூன்று தடித்த தொகுதிகளாக எழுதியவர். அவருடைய கட்டுரைகள் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் வந்தன. பிள்ளையின் கட்டுரைகள் ‘அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழ்’, ‘இந்தியக் கணிதக் கழக இதழ்’ ஆகியவற்றில் வந்தன. உலகத்தின் எத்தனை நூலகங்களில் சிதம்பரத்து இதழ் கிடைத்திருக்கும் என்பதை வாசகரே ஊகிக்கலாம்.

அதே 1935, ஜனவரி 11 அன்று லண்டனில் இன்னொரு தமிழருக்கு நடந்ததை எல்லோரும் அறிவோம். ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் பேசி முடித்ததும் எடிங்டன் எழுந்து அதை நகைப்புக்கு உள்ளாக்கினார். அது கொடுமைதான். ஆனால் காதில் விழுந்த கொடுமை. எதிராளியின் பெயர் தெரிந்தது, வாதம் தெரிந்தது, சபை பார்த்தது. பின்னாளில் கதையாகச் சொல்லவும் முடிந்தது. சிதம்பரத்தில் இருந்தவருக்கு எடிங்டன்கூட வாய்க்கவில்லை.

இங்கே பிள்ளை மீது ஒரு கேள்வி எழும்: எல்லாவற்றையும் வெளிநாட்டுக்கே அனுப்பியிருக்கலாமே? சிலவற்றை அனுப்பினார். 1930-ல் சாவ்லாவும் அவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை லண்டன் கணிதக் கழக இதழில் வந்தது. ஆனால் சொந்த இதழ்களில் எழுதுவதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. துணைக் கலெக்டராக இருந்த வி. ராமசுவாமி ஐயர் 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியிருக்காவிட்டால், 1911-ல் ராமானுஜனின் முதல் கட்டுரையை யார் அச்சிட்டிருப்பார்கள்? எஃப்.ஏ. தேர்வில் தோற்றுப்போன ஆள். லண்டனில் எம்.ஜே.எம். ஹில் அவருடைய வேலையில் ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியதோடு நிறுத்திக்கொண்டார். கேம்பிரிட்ஜில் பேக்கரும் ஹாப்சனும் கைகொடுக்கவில்லை. ஹார்டியின் கண்ணில் பட்ட பிறகுதான், 1913-ல், பட்டம் இல்லாத அந்தக் குமாஸ்தாவுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுக்கச் சென்னைப் பல்கலைக்கழகம் முன்வந்தது. சர் சி.வி. ராமன் 1934-ல் பெங்களூரில் இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கி அதற்கென்று ஓர் ஆய்விதழும் கண்டார். வெளியூர் வாசல்களில் காத்து நிற்பதைவிட நமக்கென்று ஒரு திண்ணை கட்டிக்கொள்வோம் என்ற தலைமுறை அது. திண்ணை கட்டியது நியாயம். அந்தத் திண்ணையில் பேசியது அடுத்த தெருவுக்குக் கேட்கவில்லை. அதற்கான விலையைப் பிள்ளை போன்றவர்கள் கொடுத்தார்கள். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

பெரிய படிகளை முடித்த பிறகு ஆறாம் படி பாக்கி நின்றது. பிள்ளை அதை விடவில்லை. 1940-ல் ராமனின் அகாடமி இதழில் ஆறாம் படிக்கு விடை 73 என்று நிறுவி முடித்தார். இது அவர் ஒருவருக்கே உரிய முடிவு. பக்கத்தில் டிக்சன் பெயர் கிடையாது.

கணிதம் அறியாதவருக்கு ஒரு விநோதம் தோன்றும். ஆறு தீர்ந்த பிறகும் ஐந்தும் நான்கும் தீராமல் கிடந்தன. சின்னப் படி சுலபமாக அல்லவா இருக்க வேண்டும்? நேர்மாறு. படி உயர உயர, 703 போன்ற வம்புக்காரத் தொகைகளுக்கு நோட்டு ஏகமாக வேண்டியிருக்கிறது. பெரிய தொகைகளுக்கோ அவ்வளவு தேவைப்படுவதில்லை. அந்த இடைவெளிதான் ஏணியில் ஏறக் கிடைக்கும் கைச்செலவு. நான்காம் படியில் அனுமதி 19. பெரிய எண்களுக்கே 16 வரை தேவை என்று 1939-ல் டேவன்போர்ட் காட்டியிருந்தார். ஏறுவதற்கு மூன்றே நோட்டு! ஐந்தாம் படியை 1964-ல் சீனாவின் சென் ஜிங்ருன் முடித்தார்: 37. நான்காம் படிக்கு 1986 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை முடித்த மூவரில் இருவர் பிரான்ஸ் நாட்டவர். மூன்றாமவர் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். பாலசுப்ரமணியன். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார். பிள்ளையின் சூத்திரத்தோடு ஒட்டிய அந்தச் சிறு நிபந்தனை 47 கோடியே 16 லட்சம் படிகள் வரை சரி என்று 1990-ல் கணினியில் சோதித்துவிட்டார்கள். எல்லாப் படிக்கும் சரிதான் என்று இன்றுவரை யாரும் நிறுவவில்லை.

1940-ல் அதே அகாடமி இதழில் பிள்ளை இன்னொரு சிறிய முத்தையும் போட்டார். அடுத்தடுத்த எண்கள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள், 16-க்கு மேல் போகாமல். அவற்றில் ஓர் எண்ணாவது மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்கும். எங்கே தொடங்கினாலும் இப்படித்தான். 17 எண்கள் என்றால் இந்த விதி உடைகிறது. 2184 முதல் 2200 வரை 17 எண்கள். இதில் 2197 என்பது 13-இன் கனம். 13-ஐத் தவிர வேறு காரணியே கிடையாது. தனித்து நிற்கும் என்று பார்த்தால் 2184-இலும் 13 உட்கார்ந்திருக்கிறது. 2189-ஐ 11 வகுக்கும். மறுகோடியில் 2200-ஐயும் 11 வகுக்கும். 17 பேரும் யாரோடாவது கை கோத்திருக்கிறார்கள், ஒருவர்கூடத் தனியாள் இல்லை. ஒரு மாலை நேரத்தை வீணாக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பிள்ளை 17-லிருந்து 430 வரை எல்லா நீளத்துக்கும் விதி உடைவதைக் காட்டினார்.

இந்தக் கட்டுரைக்கு மட்டும் உடனே ஒரு வாசகர் கிடைத்தார். 1941-ல், அமெரிக்காவில் இருந்த ஆல்ஃபிரட் பிரௌவர், 17-க்கு மேல் எல்லா நீளத்துக்கும் அது உடையும் என்று நிறுவினார். பிரௌவர் ஜெர்மானிய யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1939-ல் போய்ச் சேர்ந்தவர். 1942-ல் பிள்ளையைக் கல்கத்தாப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தவர் ஃபிரீட்ரிக் வில்ஹெல்ம் லெவி. அவரும் அப்படித்தான். லைப்சிக் பல்கலைக்கழகம் 1935-ல் யூத வம்சம் என்று வேலையை விட்டு நீக்கியதால் கல்கத்தாவுக்கு வந்தவர். சிதம்பரத்து விரிவுரையாளரைப் படித்தவரும் அழைத்தவரும் வீடிழந்த இரண்டு பேராக இருந்தது தற்செயலாகவே இருக்கலாம்.

23 என்ற எண்ணைச் சற்று முன் கன நோட்டில் பார்த்தோம். பிள்ளையின் வாழ்க்கையில் அது இன்னொரு முறை வருகிறது. 14 வரையுள்ள எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் வருவது 23-ஆல் வகுபடும். ஆனால் 23-ஐ 14-ஆல் வகுத்தால் மீதி 1 வராது. வரத்தான் செய்யும் என்பது போலத் தோன்றும் ஒரு வழக்கத்தை இப்படி மீறும் பகா எண்களுக்கு இன்று பிள்ளை பகா எண்கள் என்று பெயர். அவற்றில் முதலாவது 23.

இன்னும் பெரியது அவர் வைத்துவிட்டுப் போன ஊகம். வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட படிகள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்துங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32... இதில் இரண்டு எண்களுக்கு இடையில் 7 வித்தியாசம் எத்தனை முறை வரும்? 8-க்கும் 1-க்கும், 16-க்கும் 9-க்கும், 32-க்கும் 25-க்கும், 128-க்கும் 121-க்கும். பிறகு நெடுந்தூரம் ஒன்றும் இல்லை. 32768-க்கு வந்தால், 181-இன் வர்க்கம் 32761, மறுபடி 7! இரண்டின் படிக்கும் வர்க்கத்துக்கும் இடையே இந்த ஐந்து முறைதான் 7 வருமா என்று 1913-ல் கேள்வி கேட்டவர் ராமானுஜன். ஐந்துதான் என்று 1948-ல் நார்வேயின் நாகெல் நிறுவினார். பிள்ளையின் ஊகம் எல்லா வித்தியாசங்களையும் பற்றியது. 7 மட்டுமல்ல, எந்த எண்ணை எடுத்தாலும் அது இந்த வரிசையில் வித்தியாசமாக வருவது முடிவுள்ள தடவைகள்தாம் என்றார். வித்தியாசம் 1 என்ற ஒன்றை மட்டும் 2002-ல் மிஹைலெஸ்கு தீர்த்தார். 8-உம் 9-உம் தவிர வேறு ஜோடி கிடையாது. 2-லிருந்து மேலே இன்னும் திறந்தே கிடக்கிறது.

1950-ல் அழைப்பு வந்தது. பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தில் ஓராண்டு. வழியில், ஹார்வர்டில் நடக்கும் சர்வதேசக் கணித மாநாடு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாகவும் போகிறார். மாநாடு ஆகஸ்ட் 30 அன்று தொடங்கிவிட்டது. 31 அதிகாலை, பம்பாயிலிருந்து வந்து கெய்ரோவில் இறங்கி மறுபடி கிளம்பிய டி.டபிள்யூ.ஏ. விமானத்தின் இயந்திரத்தில் தீப்பிடித்து, எகிப்தின் பாலைவன ஓரத்தில் விழுந்தது. 55 பேரும் இறந்தார்கள். அவர்களில் எகிப்திய சினிமா நடிகை கமேலியா இருந்தார். சண்டிகர் நகரத்தைத் திட்டமிட வந்து திரும்பிக்கொண்டிருந்த போலந்துக் கட்டடக் கலைஞர் மாத்யூ நோவிட்ஸ்கி இருந்தார். வல்லத்து சிவசங்கரநாராயண பிள்ளையும் இருந்தார். வயது 49.

எங்கெங்கோ இதழ்களில் சிதறிக் கிடந்த அவருடைய கட்டுரைகளை ஆர். பாலசுப்ரமணியனும் ஆர். தங்கதுரையும் தேடித் தொகுத்தார்கள். ராமானுஜன் கணிதக் கழகம் அதை இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட ஆண்டு 2010. இறந்து 60 வருடம். எண் கோட்பாட்டுக்காரர்கள் அதற்கு முன்பும் அவரை மறந்திருந்தார்கள் என்று சொன்னால் அநியாயம். வாரிங் கணக்கைத் தொட்டவர் எவருக்கும் அந்தப் பெயர் தெரியும். தெரியாமல் இருந்தது எங்களுக்குத்தான். வி.கே.புரத்தில் பிறந்த பெரியவர் யார் என்று கேட்டால் சின்னப் பையன்கூடச் சிவஞான முனிவர் என்பான். சிற்றாற்றங்கரையில் பிறந்த கணிதர் யார் என்று நான் படித்த பள்ளியில் யாரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் சொல்லவும் ஆள் இல்லை. ஒருவரை உலகம் கவனிக்கவில்லை என்று குறைப்படுவதற்கு முன் கொஞ்சம் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பிள்ளையைப் பற்றி நான் ஃபிட்டர் மாமாவிடம் சொன்னது அவர் ரிட்டயரான பிறகு. கோணத்தை மூன்றாகப் பிரிக்கும் நோட்டை அப்போதும் தூக்கிப் போட்டிருக்கவில்லை. வட்டம் போடுவதை மட்டும் விட்டிருந்தார். பாபநாசம் கோயில் படித்துறையில் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டே கேட்டார். மெத்தப் படித்த பேராசிரியர்களிடம் விளக்கியபோதுகூட எனக்கு இவ்வளவு நல்ல கேள்விகள் வந்ததில்லை. நடுவில் ஒளிந்திருக்கும் தொகை, ஏணிப்படி, கைச்செலவு எல்லாம் அவருக்கு உடனே பிடிபட்டது. மெஷினைப் பிரித்து மாட்டிய மனிதர்.

“வல்லத்துக்காரரா?” என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். பிறகு விரல்விட்டு ஏதோ எண்ணினார்.

“எலே, 703-க்குத்தான 73 நோட்டு?”

“ஆமா மாமா.”

“704-ன்னா?”

நான் யோசிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். “பதினோரு 64. பதினொண்ணே நோட்டுதாம்ல.” கையில் மிச்சமிருந்த பொரியைத் தண்ணீரில் விட்டார். “ஒரு ரூபா கூடக் குடுத்தா 62 நோட்டு மிச்சம்.”